நீண்ட பயணம் யாருக்கு வாய்க்கிறது?

வேலையை விட்டுவிட்டு, வாடகை வீட்டைக் காலி செய்து, ஓராண்டோ மூன்றாண்டோ தம் போக்கில் நாடு நாடாகச் சுற்றுபவர்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மன உறுதியையே சுற்றிவருகிறது. துணிந்தவர் கிளம்பினார், துணியாதவர் தங்கிவிட்டார் என்பதாகவே கதை சொல்லப்படுகிறது. கடந்த எழுபது ஆண்டுகளில் எந்த நாட்டவர், எந்த வயதில், எந்த வழியாகக் கிளம்பினார்கள் என்று பார்க்கும்போது இந்தக் கதை போதாமல் போகிறது. ஊர் சுற்றும் ஆசை எங்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்திருக்கிறது என்றே தோன்றுகிறது. கடவுச்சீட்டின் வலிமையும், நாணயத்தின் மதிப்பும், ‘போய்விட்டு வா’ என்று சமூகம் ஒருவருக்கு ஒதுக்கித்தரும் காலமும்தான் ஊருக்கு ஊர் வேறுபட்டிருக்கின்றன.

இவ்வகைப் பயணத்தின் இன்றைய வடிவம் பெருமளவுக்கு 1950களின் பிற்பகுதியிலிருந்து 1979 வரை ஐரோப்பாவையும் இந்தியத் துணைக்கண்டத்தையும் இணைத்த தரைவழியில் உருவானது. 1957 ஏப்ரலில் ‘இந்தியாமேன்’ என்ற பேருந்து லண்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. ஒருவழிக் கட்டணம் 85 பவுண்ட். அதன்பின் இருபதாண்டுகளாக, பழைய வேன்களிலும் உள்ளூர்ப் பேருந்துகளிலும் லாரிகளிலும் ஏறி, இஸ்தான்புல், தெஹ்ரான், ஹெராத், கந்தஹார், காபூல், கைபர் கணவாய், பெஷாவர், லாகூர், அமிர்தசரஸ் வழியாக டெல்லி வந்து, அங்கிருந்து கோவாவுக்கும் காத்மாண்டுவுக்கும் பிரிந்து சென்ற இளைஞர் கூட்டத்தை ஹிப்பிகள் என்று ஒரே சொல்லில் அடக்குவது வழக்கம். அவர்களில் ஆசிரியர்களும், செவிலியர்களும், படிப்பை முடித்துவிட்டு வேலையில் சேராதவர்களும் கலந்தே இருந்தனர்.

இந்தப் பாதை எப்படி இயங்கியது என்பதற்கு இஸ்தான்புல்லின் சுல்தானகமெட் பகுதியில் இருக்கும் ‘லாலே’ உணவகம் நல்ல சான்று. 1957இல் இரு சகோதரர்கள் தொடங்கிய அந்தக் கடையில் கண்ணாடிக்குப் பின்னே வரிசையாக அடுக்கியிருந்த அரிசிப் பாயசக் கிண்ணங்களைப் பார்த்து, வெளிநாட்டவர் அதற்குப் ‘புட்டிங் ஷாப்’ என்று பெயர் வைத்துவிட்டனர். பாயசத்தைவிட முக்கியமாக அங்கே ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. கிழக்கே போகும் வேனில் இடம் காலியிருப்பதைச் சொல்லும் துண்டுச்சீட்டு, பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேடும் சீட்டு, பிரிந்துபோன நண்பனுக்கு எழுதிய செய்தி என எல்லாம் அதில்தான் குத்தப்பட்டன. வீட்டுக் கடிதங்கள் பெரிய நகரங்களின் தபால் நிலையங்களிலும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அலுவலகங்களிலும் பயணியின் வருகைக்காகக் காத்திருந்தன. பணம் பயணக் காசோலையாக இடுப்புப் பையில் இருந்தது. தனித்துச் செல்வதாகச் சொல்லிக்கொண்ட பயணம், உண்மையில் ஒரு தபால் முறையையும் ஒரு வங்கி முறையையும் சில உணவகங்களையும் நம்பி நடந்தது. சமூகவியலாளர் எரிக் கோஹன் 1972இலேயே சுற்றுலாப் பயணிகளை நான்கு வகையாகப் பிரித்து, எந்த ஏற்பாட்டுக்கும் கட்டுப்படாமல் அலைபவரைக் கடைசி வகையாக வைத்தார். அந்த அலைபவர்களும் நாளடைவில் தமக்கென்று தனி விடுதிகளையும் தனிப் பாதையையும் உண்டாக்கிக்கொள்வதை அவர் சீக்கிரமே கவனித்தார்.

பயணம் மலிவாக இருந்ததற்குக் காரணம் ஆசிய நாடுகளின் விருந்தோம்பல் மட்டுமன்று. போருக்குப் பிந்தைய மேற்கு ஐரோப்பாவில் கூலி உயர்ந்திருந்தது. அதில் சேமித்த தொகை காபூலிலும் காத்மாண்டுவிலும் பல மடங்கு நாட்களுக்கு வந்தது. அதைவிடப் பெரிய காரணம், திரும்பிப் போனால் வேறொரு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை. வேலையின்மை குறைந்திருந்த 1960களில் வேலையை உதறுவது பெரிய தியாகமாக இல்லை. 1972இல் லண்டனிலிருந்து பழைய வேன் ஒன்றில் கிளம்பி, அதைக் காபூலில் விற்றுவிட்டு, கையில் 27 சென்ட்டுடன் சிட்னி போய்ச் சேர்ந்த டோனி, மோரீன் வீலர் தம்பதியின் அனுபவம் ‘லோன்லி பிளானட்’ என்ற பயணக் கையேட்டு நிறுவனமாக வளர்ந்த கதை பலருக்கும் தெரியும். 27 சென்ட்டுடன் இறங்கியவர்களுக்கு அந்த நாட்டில் தங்கி வேலை பார்க்கும் உரிமையும் இருந்தது என்பது அந்தக் கதையில் அவ்வளவாக அழுத்திச் சொல்லப்படுவதில்லை.

நேபாளம் 1973இல் கஞ்சாக் கடைகளின் உரிமங்களை ரத்து செய்ததும் ஹிப்பிகள் கூடிய காத்மாண்டுவின் ‘ஃப்ரீக் ஸ்ட்ரீட்’ தெரு களையிழந்தது. 1979 பிப்ரவரியில் ஈரானியப் புரட்சியும் அவ்வாண்டு டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படையெடுப்பும் பாதையையே மூடின. பயணிகளோ விமானம் ஏறித் தென்கிழக்கு ஆசியாவின் பக்கம் திரும்பினர்.

அதே காலத்தில் அதே பாதையை எதிர்த்திசையில் ஓர் இந்தியர் கடக்க நினைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதலில் கடவுச்சீட்டு. அது குடிமகனின் உரிமையாக அன்றி, அரசு விரும்பினால் தரும் சலுகையாகவே 1967 வரை இருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு செல்லும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்த பிறகுதான், கடவுச்சீட்டுச் சட்டமே இயற்றப்பட்டது. அடுத்து அந்நியச் செலாவணி. அந்த ஆண்டுகளில் வெளிநாடு கிளம்பும் சாதாரண இந்தியர் அதிகாரபூர்வமாக எடுத்துச்செல்லக்கூடிய தொகை 8 டாலர் என்பதை அன்று படிக்கப் போன தலைமுறை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. கையில் 8 டாலருடன் இஸ்தான்புல்லில் ஒருவர் எத்தனை நாள் இருந்துவிட முடியும்? இதில் ஒரு முரண் உண்டு. 1923இல் பம்பாயிலிருந்து சைக்கிளில் கிளம்பிய பார்சி இளைஞர்களில் ஆதி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பூம்காரா ஆகிய மூவர் சுமார் 71,000 கிலோமீட்டர் உலகைச் சுற்றி 1928இல் ஊர் திரும்பினர். அவர்கள் அடிமை நாட்டின் குடிகள். ஆனால் பயணத்தைப் பொறுத்தவரை, சுதந்திர இந்தியாவின் முதல் இருபதாண்டுகளில் வாழ்ந்த இளைஞனைவிட அவர்களுக்குத் தடைகள் குறைவு.

1962ஆம் ஆண்டில் இரண்டு புறப்பாடுகள் நடந்தன. ஜூன் மாதத்தில், வினோபா பாவேயின் இயக்கத்தைச் சேர்ந்த சதீஷ் குமாரும் இ. பி. மேனனும் அணு ஆயுதங்களுக்கு எதிராக டெல்லியிலிருந்து நடக்கத் தொடங்கினர். மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் ஆகிய நான்கு தலைநகரங்களும் அவர்களுடைய இலக்கு. கையில் காசே வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது வினோபா சொன்ன அறிவுரை. பணமின்மையைத் தடையாகக் கருதாமல் விரதமாக ஆக்கிக்கொண்டதால், உணவுக்கும் தங்குமிடத்துக்கும் வழிநெடுக அந்நியர்களை நாடியே அவர்கள் போக வேண்டியிருந்தது. சோவியத் ஒன்றியத்தில் ஒரு தேயிலை ஆலையருகே சந்தித்த பெண்மணி, அணு ஆயுதம் வைத்திருந்த நான்கு நாடுகளின் தலைவர்களுக்கும் கொடுக்கச் சொல்லி நான்கு தேயிலைப் பொட்டலங்களைத் தந்ததாகவும், பொத்தானை அமுக்கத் தோன்றினால் முதலில் ஒரு கோப்பைத் தேநீர் குடிக்கட்டும் என்று சொன்னதாகவும் சதீஷ் குமார் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அதே 1962இல், மேற்கு ஜெர்மனியின் ஹோவல்ஹோஃப் என்ற சிற்றூரிலிருந்து, ஆலை வேலை பிடிக்காத ஹைன்ஸ் ஸ்டூக்கே என்ற இருபத்திரண்டு வயதுக் கருவித் தொழிலாளி மூன்று கியர் சைக்கிளில் கிளம்பினார். பயணக் கதையைச் சிறு கையேடாக அச்சிட்டு விற்றே செலவைச் சமாளித்த அவர், ஆறு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் மிதித்து, 2014இல்தான் ஊரோடு தங்கினார். ஸ்டூக்கேயின் பிடிவாதத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு ஒரு லட்சியமோ, கடவுளோ, உலக அமைதியோ தேவைப்படவில்லை. ‘போக வேண்டும்போல் இருந்தது’ என்பதே போதுமான காரணமாக இருந்தது. இந்தியர் இருவர் அவ்வளவு தூரம் போக ஒரு பொதுநோக்கம் வேண்டியிருந்தது. இந்த வேறுபாடு இன்றுவரை முற்றிலும் மறைந்துவிடவில்லை.

காரணமற்ற அலைச்சலைச் சமூகம் பொறுப்பதில்லை. ஆனால் வடிவம் கொடுக்கப்பட்ட அலைச்சலை அது போற்றிப் பாதுகாத்திருக்கிறது. ஜெர்மனியில் தச்சு, கூரை வேலை, கல் வேலை போன்ற தொழில்களில் பயிற்சி முடித்தவர் மூன்றாண்டுகளும் ஒரு நாளும் ஊர் ஊராகச் சென்று வேலை செய்யும் ‘வால்ட்ஸ்’ என்ற மரபு இன்றும் இருக்கிறது. மணமாகாதவராக, கடனில்லாதவராக, முப்பது வயதுக்குட்பட்டவராக இருக்க வேண்டும். சொந்த ஊரிலிருந்து 50 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் கால் வைக்கக் கூடாது. அகன்ற தொப்பியையும் கறுப்புக் கார்டுராய் உடையையும் பார்த்ததுமே வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்ளவும், வீட்டில் படுக்க இடம் கொடுக்கவும் ஆட்கள் உண்டு. நர்மதை ஆற்றைச் சுற்றிவரும் பரிக்கிரமையின் மரபுக் கணக்கோ மூன்றாண்டு, மூன்று மாதம், பதின்மூன்று நாள். ஆற்றைக் குறுக்கே கடக்கக் கூடாது; ஏறத்தாழ 2,600 கிலோமீட்டரையும் நடந்தே கடக்க வேண்டும்; கரையோரக் கிராமங்கள் மாவும் பருப்பும் கொடுத்தோ சமைத்துப் போட்டோ நடப்பவரைக் காப்பாற்றும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மரபுகள் கால அளவில்கூட இவ்வளவு நெருங்கிவருவது வியப்புதான். தமிழ்நாட்டிலும் தலயாத்திரைக்கு இப்படியொரு ஏற்பாடு இருந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தார் காசியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமைத்த சத்திரத்தில் தமிழ் யாத்ரிகர்கள் இன்றும் தங்குகிறார்கள். காசிக்குப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பியவரை ஏன், எப்போது வருவாய் என்று யாரும் குடைந்து கேட்டதில்லை.

நவீன அரசுகளும் தம் பங்குக்கு இத்தகைய இடைவெளிகளை உண்டாக்கியிருக்கின்றன, சில இடங்களில் நினையாமலே. இஸ்ரேலில் கட்டாய ராணுவ சேவை பெண்களுக்கு இரண்டாண்டும் ஆண்களுக்கு மூன்றாண்டை ஒட்டியும் இருக்கிறது. இருபது இருபத்தொரு வயதில் விடுதலையாகும்போது கையில் ஒரு மானியத் தொகையும், கல்லூரியில் சேருமுன் சில மாதங்களும் இருக்கின்றன. அந்த நேரத்தில் நீண்ட பயணம் போவது அங்கே ஏறக்குறைய ஒரு சடங்கு. போகாதவரைத்தான் ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். 1992 ஜனவரியில் இந்தியாவும் இஸ்ரேலும் முழுத் தூதரக உறவை ஏற்படுத்திக்கொண்டபின், இமாசலத்தின் கசோலிலும் தரம்கோட்டிலும் ஹீப்ரு எழுத்துப் பலகைகள் முளைத்தன. கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலுக்கு ‘குட்டி இஸ்ரேல்’ என்று பெயர் வந்ததும் இப்படித்தான்.

இன்னொரு ஏற்பாடு, 1975இல் ஆஸ்திரேலியா தொடங்கிய ‘வொர்க்கிங் ஹாலிடே’ விசா. முதலில் பிரிட்டன், அயர்லாந்து, கனடா இளைஞர்களுக்குத் தரப்பட்ட இது, ஓராண்டு சுற்றிப்பார்க்கவும் வழியில் வேலை செய்து செலவை ஈடுகட்டவும் அனுமதிக்கிறது. விவசாயத்துக்குக் கூலி ஆள் பற்றாக்குறை ஏற்பட்டபோது, 2005 முதல், நகரத்துக்கு வெளியே 88 நாள் குறிப்பிட்ட வேலை பார்த்தால் இரண்டாம் ஆண்டும் தங்கலாம் என்று ஆக்கினார்கள். ஆகவே, சாகசமாக எழுதப்படும் பல ஆஸ்திரேலியப் பயணங்களின் நடுவில், விடுதிக்காரர் விடியற்காலையில் வேனில் அள்ளிக்கொண்டுபோய் தக்காளித் தோட்டத்தில் இறக்கிவிடும் மூன்று மாதங்கள் இருக்கின்றன. 2024 ஜூலை முதல் பிரிட்டிஷ் குடிமக்களுக்கு இந்த நிபந்தனையும் நீக்கப்பட்டுவிட்டது. தோட்டத்துப் பக்கமே போகாமல் அவர்கள் மூன்றாண்டு இருக்கலாம்.

இத்திட்டத்தின் ஒரு பிரிவு, வர்த்தக ஒப்பந்தத்தின் பயனாக, 2024இல் இந்தியர்களுக்கும் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 1,000 இடங்கள், அதுவும் குலுக்கல் முறையில். பள்ளிக்குப் பிறகு குறைந்தது இரண்டாண்டுப் படிப்பு, ஆங்கிலத் தேர்ச்சி, கையிருப்பில் 5,000 ஆஸ்திரேலிய டாலர் ஆகியவை நிபந்தனைகள். அக்டோபரில் பதிவு தொடங்கிய இரண்டே வாரத்தில் ஏறத்தாழ 40,000 பேர் விண்ணப்பித்தனர். இந்திய இளைஞர்களுக்கு ஊர் சுற்றும் மனப்பான்மை கிடையாது என்று சொல்பவர்கள் இந்த எண்ணைச் சற்று யோசிக்கலாம். அவர்களில் பலர் சம்பாதிக்கத்தான் போக நினைத்தார்கள் என்று ஒருவர் பதில் சொல்லக்கூடும். பிரிட்டனிலிருந்து போகிறவரும் சம்பாதிக்கத்தான் செய்கிறார், அவரை மட்டும் பயணி என்று அழைக்கிறோம்.

பணத்தின் கணக்கு எவ்வளவு கடுமையானது என்பதை ஒரு பெருக்கலில் பார்த்துவிடலாம். ஆஸ்திரேலியாவின் குறைந்தபட்சக் கூலி 2025 ஜூலை முதல் மணிக்கு 24.95 டாலர், நம் பணத்தில் சுமார் 1,400 ரூபாய். சென்னையின் பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் புதிதாகச் சேரும் பட்டதாரிக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சம் என்று வைத்துக்கொண்டால், அவருடைய ஓராண்டுச் சம்பளத்தை மெல்பர்ன் உணவகத்தில் தட்டு கழுவுபவர் வாரத்துக்கு 38 மணி நேரம் வேலை செய்து ஏழு வாரத்துக்குள் ஈட்டிவிடுகிறார். செலவு போக மிஞ்சுவது வேறு என்றாலும், இருவரும் ஹனோய் நகரில் ஒரே விடுதியில் ஒரே வாடகைக்குப் படுக்கும்போது, ஒருவர் கரைப்பது அரை மணி நேர உழைப்பு, இன்னொருவர் கரைப்பது அரை நாளுக்கும் மேலான உழைப்பு.

சம்பளத்தைவிட ஆழமான வேறுபாடு பெற்றோரின் முதுமையில் இருக்கிறது. ஜெர்மனியிலோ ஆஸ்திரேலியாவிலோ கிளம்பும் இளைஞரின் தாய் தந்தையருக்குப் பெரும்பாலும் ஓய்வூதியம் உண்டு, மருத்துவச் செலவுக்கு அரசின் காப்பு உண்டு. இங்கே பல வீடுகளில் பிள்ளையின் மாதச் சம்பளமே அந்த ஓய்வூதியம். அதிலும் கல்விக்கடன் தவணை போகும், தங்கையின் திருமணம் எதிரே நிற்கும். இந்த நிலையில் ‘நாலு இடம் பார்த்துவிட்டு வருகிறேன்’ என்று ஒருவர் சொன்னால், மற்றவர்கள் அதைப் பொறுப்பின்மை என்று படிப்பதில் முழு அநியாயம் இல்லை. பெண்ணாக இருந்தால் இதே வாக்கியத்தைச் சொல்லவே இன்னும் பல வாசல்களைக் கடக்க வேண்டும். திருமணத்துக்கு முன் கேட்டால் ‘கல்யாணத்துக்குப் பிறகு அவரோடு போ’ என்பார்கள், அதற்குப் பிறகு கேட்டால் குழந்தைகள் இருக்கும்.

எல்லாத் தடைகளையும் தாண்டிக் கிளம்பும் இந்தியரின் பயண வரைபடத்தை ஆசை வரைவதில்லை, விசாப் பட்டியல்தான் வரைகிறது. 1950 ஒப்பந்தம் காரணமாக நேபாளத்துக்கு விசாவே வேண்டாம். தாய்லாந்தும் மலேசியாவும் அண்மைக் காலத்தில் விசாவின்றி அனுமதிக்கின்றன. வியட்நாமும் இலங்கையும் எளிது. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கோ வங்கிக் கணக்கு விவரம், விடுதி முன்பதிவு, திரும்பும் பயணச்சீட்டு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எல்லாம் வேண்டும். எங்கே போகிறோம் என்று முடிவு செய்யாமல் போவதே பயணத்தின் சாரம் என்று நினைப்பவரிடம், ஒவ்வோர் இரவும் எங்கே படுப்பார் என்று முன்கூட்டியே கேட்கும் படிவம் அது. பத்தாம் வகுப்பு தேறாதவரின் கடவுச்சீட்டிலோ, 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். சட்டப்படி அது சுற்றுலாவுக்குப் பொருந்தாது என்றாலும் விமான நிலையத்தில் கேள்வி கேட்கப்படுவது அவர்தான். மேற்கு நோக்கிய பழைய தரைவழியோ இந்தியருக்குப் பாகிஸ்தான் எல்லையிலுள்ள அட்டாரியிலேயே முடிந்துவிடுகிறது.

மறுபக்கத்தில், நீண்ட நாள் தங்கும் வெளிநாட்டவரால் பிழைக்கும் ஊர்களும் இந்த விதிகளின் ஏற்ற இறக்கத்துக்குக் கட்டுப்பட்டவை. திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் குளிர்காலம் முழுவதும் அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டவர், விசாக் காலம் முடியும் தறுவாயில் கொழும்புக்கோ காத்மாண்டுவுக்கோ போய்விட்டு வருவது ஒருகாலத்தில் சாதாரண நடைமுறை. 2009 இறுதியில் இந்தியா, வெளியேறிய சுற்றுலாப் பயணி மீண்டும் நுழைய இரண்டு மாத இடைவெளி வேண்டும் என்று விதித்தது. 2012 இறுதியில் அது தளர்த்தப்படும்வரை அந்த வழி அடைபட்டிருந்தது. வாடகையின் கதை வேறு. பயணி என்ன நல்லவராக இருந்தாலும், அவர் தரத் தயாராக இருக்கும் தொகை உள்ளூர்க் குடும்பம் தரக்கூடியதைவிட அதிகமாக இருக்கும்வரை வீட்டுக்காரர் யாரைத் தேர்வார் என்பதில் சந்தேகமில்லை. மெக்சிகோ நகரத்தின் ரோமா, கொண்டேசா பகுதிகளில் 2025 ஜூலையில் நடந்த ஆர்ப்பாட்டங்கள் இந்தக் கோபத்திலிருந்து எழுந்தவை.

மடிக்கணினியோடு பணிசெய்தபடியே பயணிப்பவர்களுக்காக இப்போது நாடுகள் தனி விசாக்களை அறிவிக்கின்றன. தாய்லாந்து 2024 ஜூலையில் கொண்டுவந்த விசா ஐந்தாண்டுக்குச் செல்லும், ஒருமுறை நுழைந்தால் 180 நாள் தங்கலாம். வங்கியில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும். இந்தியர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் இந்திய நிறுவனங்கள் பலவும் வரிச் சிக்கலையும் வாடிக்கையாளரின் தரவுப் பாதுகாப்பையும் காரணம் காட்டி, நிறுவனக் கணினியை நாட்டுக்கு வெளியே திறக்க விடுவதில்லை. எனவே வீட்டிலிருந்தே வேலை என்ற வாய்ப்பு வந்தபோது, பெங்களூரிலும் சென்னையிலும் இருந்தவர்கள் வர்க்கலைக்கும் கோகர்ணாவுக்கும் இமாசலத்தின் ‘பீர்’ என்ற மலையூருக்கும் போய் மாதக்கணக்கில் அறை எடுத்தனர். அந்த ஊர்களில் வலுவான நாணயத்தோடு வருபவர்கள் இவர்கள்தான். வாடகையை ஏற்றுபவர்களும் இவர்கள்தான். விசா இல்லாத பயணம் என்று இதைச் சொல்லலாம், கொடைக்கானல் நீங்கலாக: சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் அந்த மலைக்கு வெளியூர் வண்டியில் ஏறுவதற்கும் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது.